சார்ஜண்ட் டிஸ்டேலின் பாதித் தலை

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் டெக்சாஸின் கில்லீன் ஊரில் என் கடை வாசலைப் பார்த்தால், உள்ளே யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைப்பீர்கள். அவ்வளவு கார் நிற்கும். யாரும் சாகவில்லை. மறுநாள் திங்கள், அவ்வளவுதான். திங்கள் காலை அணிவகுப்பில் பின்கழுத்தைப் பார்ப்பார்கள். அதனால் ராணுவ முகாமில் உள்ள தலைகளில் நல்ல தலைகள் எல்லாம் ஞாயிறு மதியம் என்னிடம் வந்து சேரும். முகாமுக்குள்ளேயே முடிவெட்டும் கடை இருக்கிறது, விலையும் குறைவு. பிறகு ஏன் என்னிடம் வருகிறார்கள் என்று அவர்களைக் கேளுங்கள்.

நான் லெமுவேல் காட்சன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. கிழக்கு டெக்சாஸில் பருத்தி பொறுக்கிய இந்தக் கையால்தான் மூன்று நாற்காலிக் கடையைக் கட்டினேன். வாடகைக் கட்டடம் இல்லை, சொந்தம். ஜெனரல் ஒருவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போன பிறகும் மகள் கல்யாணத்துக்கு என்னிடம் வெட்டிக்கொள்ளத் திரும்பி வந்தார். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இது ரெனார்ட் டிஸ்டேலைப் பற்றியது.

ரெனார்ட் டாங்கிப் படை சார்ஜண்ட். லூசியானாக்காரன். பதினாறு வருடம் பட்டாளத்தில் இருந்தான். அதில் பாதிக்கு மேல் என் நாற்காலியில்தான் அவன் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பின்மண்டையில் பட்டாணி அளவு ஒரு தழும்பு, இடது காதுக்கு மேல் ஒரு சின்ன மேடு. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தலையை என்னால் வெட்ட முடியும். காதுக்கு மேலே தோல் தெரிய வழித்து, மேலே போகப் போக நிழல் ஏறுகிற மாதிரி கருமை ஏறவேண்டும். எங்கே தோல் முடிகிறது, எங்கே முடி தொடங்குகிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. அதில்தான் எனக்குப் பெயர்.

அவனுக்கு முகாமில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: 'ஒரு நிமிஷம்'. எங்கே நின்றாலும் திடீரென்று "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மறைந்துபோவான். திரும்பி வருகிறபோது முகம் கழுவியிருக்கும். கேட்டால் வேலி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்பான். பாலைவனப் பயிற்சியில் அந்த முகாமின் வேலியை அவன் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்ததில்லை. அவன் டாங்கியில் பீரங்கி சுடுகிறவன் ஓகெண்டோ, போர்ட்டோரிக்கோக்காரன், வாய் ஓயாதவன். அவனும் டாங்கியின் மற்ற இரண்டு பையன்களும் எல்லாம் தெரிந்துகொண்டு மூடி மறைத்தார்கள். வயிற்றிலிருந்து ரத்தம் போகிற மனிதன் டாங்கிக்குள் இருக்கிறான் என்று மேலே யாருக்கும் தெரியாது.

ஏன் மருத்துவரிடம் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். காலையில் மருந்தறை வாசலில் வரிசையில் நிற்கிறவனை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். காலை ஓட்டப்பயிற்சிக்குப் பயந்தவன் என்பார்கள். அதுவும் சார்ஜண்ட் போய் நின்றால் அவனுக்குக் கீழே இருக்கிற பையன்கள் நாளைக்கு அவன் பேச்சைக் கேட்பார்களா? எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இங்கே ஒரே பதில்தான்: "ரெடி சார்!" கால் உடைந்திருந்தாலும் அதேதான். ரெனார்ட் அந்தப் பதிலைப் பதினாறு வருடம் சொன்னவன்.

கடைசியில் சுடுபயிற்சித் திடலில் டாங்கிக்குள்ளேயே மயங்கி விழுந்தான். ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள். பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்கள். ஆறுமா என்றால் ஆறாது. கூடுமா என்றால் கூடும், குறையும். ஒரு மாதம் ஒன்றுமே இருக்காது, அடுத்த மாதம் குளியலறைதான் வீடு. எதனால் வந்தது என்று கேட்டதற்கு டாக்டர்கள் தோளைக் குலுக்கினார்களாம்.

இங்கேதான் எல்லோருக்கும் குழப்பம் ஆரம்பித்தது. எனக்கும்தான், மனிதர்களைப் பார்த்த உடனே எடை போடுகிறவன் நான். ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒட்டிப்போயிருந்த முகம் அந்த மாத்திரையால் உப்பியது. கன்னம் வைத்தது. கண் பளபளத்தது. நோயே தெரியாமல் இருந்தபோது நோயாளி மாதிரி இருந்தவன், நோய் என்று தெரிந்த பிறகு மாப்பிள்ளை மாதிரி ஆனான்.

"என்ன சார்ஜண்ட், ஆஸ்பத்திரியில பன்னிக்கறி போட்டாங்களா?" என்றான் ஓகெண்டோ. "நானும் ஒரு வாட்டி மயங்கி விழுறேன். எந்த இடம்னு சொல்லுங்க."

"உன்னைத் தூக்க ஹெலிகாப்டர் வராதுடா. குப்பை லாரிதான் வரும்," என்றான் ரெனார்ட்.

கடை சிரித்தது. அவன் மட்டும் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, இது யாரு?" என்றான் என்னிடம் மெதுவாக.

கன்னம் மாறினால் கிருதாவின் கோணத்தையும் மாற்ற வேண்டும். அதைச் செய்தேன்.

பிறகு பட்டாளத்துக்கு அவன் லாயக்கா இல்லையா என்று பார்க்க ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். போவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்தான். "மாமா, நாளைக்குப் பெரிய ஆபீசர் முன்னால நிக்கணும். இதுவரைக்கும் வெட்டினதுலயே நல்லா வெட்டுங்க."

கேட்டது அது. நான் கொடுத்தேன். சூடான துண்டு போட்டு, கத்தியால் வழித்து, கழுத்துக்குப் பவுடர் போட்டு அனுப்பினேன். வாசலில் நின்றிருந்த இரண்டு சிப்பாய்கள் தங்களை அறியாமல் நிமிர்ந்து நின்றார்கள். அப்படி இருந்தான்.

டாக்டர், "எப்படி இருக்கீங்க சார்ஜண்ட்?" என்று கேட்டிருக்கிறார்.

"ரெடி சார்!"

"வயிறு தொந்தரவு?"

"சமாளிக்கக் கூடியதுதான் சார்."

"மாதத்துல எத்தனை நாள் வேலைக்குப் போக முடியல?"

"ஒரு நாளும் இல்ல சார்."

அவன் நினைத்தது வேறு. நன்றாக இருக்கிறேன் என்று காட்டினால் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தான். இன்னும் நாலு வருடம் ஓட்டினால் இருபது வருடப் பென்ஷன். ஆனால் டாங்கிக்குள் மயங்கி விழுந்தவனை வைத்துக்கொள்ள முடியாது என்பது அதற்கு முன்னாலேயே முடிவாகிவிட்டது. டாக்டர் பார்த்தது வேறு கணக்கு: வெளியே அனுப்புகிறோம், ஆனால் எவ்வளவு நோயாளி என்று போட்டு அனுப்புவது? நூற்றுக்கு முப்பது என்று போட்டால் ஓய்வுபெற்றவன். அவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆயுசு முழுக்க ராணுவ மருத்துவம். அதற்குக் கீழே என்றால் கையில் கொஞ்சம் பணம், கையெழுத்து, போய் வா. பெண்டாட்டி பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது.

அவனுக்குப் போட்டது பத்து.

"பத்தா?" என்றான் ஓகெண்டோ. "நூத்துல பத்து பங்குதான் சீக்கா? மீதி தொண்ணூறு பங்கு நல்லாத்தானே இருக்கு? அந்தத் தொண்ணூறை இங்கயே வெச்சுக்கிட்டு பத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க சார்ஜண்ட்!"

வழக்கமாக ரெனார்ட் பதிலடி கொடுப்பான். அன்றைக்கு, "அதைத்தான்டா நானும் கேக்குறேன்," என்றான், விளையாட்டில்லாமல். "டாங்கிக்கு ஆகாத சீக்காம். ஆனா சீக்குன்னு சொல்ற அளவுக்கு சீக்கு இல்லையாம். அப்ப நான் யாரு?"

நான் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

அந்த முடிவை எதிர்த்து மூன்று அதிகாரிகள் முன்னால் பேச ஒரு வாய்ப்பு உண்டு. சான் அன்டோனியோ நகரில் ஒரு செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். ராணுவமே ஒரு வக்கீலைக் கொடுத்தது. சின்னப் பெண், கேப்டன். அவள் கேட்டாளாம்: "சார்ஜண்ட், நீங்க ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். நல்லா இருக்கேன், என்னை வெச்சுக்கங்கன்னு சொல்லப் போறீங்களா? இல்ல, நீங்க நினைக்கிறதை விட நான் மோசமா இருக்கேன், முப்பது போடுங்கன்னு சொல்லப் போறீங்களா? ரெண்டையும் சொல்ல முடியாது."

ரெனார்டுக்கு இரண்டும் வேண்டும். அவனைப் பொறுத்தவரை இரண்டும் உண்மை.

அதற்கு முந்தின வியாழக்கிழமை அவன் மனைவி மார்லீசா கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். தலையில் கட்டிய வலையைக்கூடக் கழற்றவில்லை. பெண்கள் என் கடைக்குள் வருவது அபூர்வம்.

"மிஸ்டர் காட்சன், ஒரு விஷயம் கேக்கணும். இந்த ஞாயித்துக்கிழமை அவருக்கு முடி வெட்டாதீங்க."

"ஏம்மா?"

"அந்த டாக்டர் என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'ஊட்டமான உடல், சுத்தமான தோற்றம், எந்த வேதனையும் தெரியவில்லை.' அவர் பார்த்தது என் புருஷனை இல்ல. உங்க கைவேலையை."

எனக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. மறைப்பானேன்? "சுத்தமான தோற்றம்னா எழுதியிருக்கார்?"

"சிரிக்காதீங்க. எங்க சின்னவளுக்கு மூச்சு இழுப்பு. மாசத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரி. அந்த மனுஷன் ராத்திரி குளியலறைத் தரையில தலைகாணி போட்டுப் படுக்குறார். அதை யாருகிட்டயும் சொல்ல மாட்டார். என்கிட்டயே கதவைச் சாத்திட்டுத்தான். அவர் வாய் சொல்லாது, முகமாவது சொல்லட்டும். காடு மாதிரி முடியோட போகட்டும்."

"மூணு அதிகாரிங்க முன்னால காடு மாதிரி முடியோட ஒரு சார்ஜண்டா? உள்ள நுழையும்போதே மதிக்க மாட்டாங்கம்மா. தன்னையே பார்த்துக்கத் தெரியாதவன்னு எழுதுவாங்க."

"வெட்டினா நல்லா இருக்கான்னு எழுதுறாங்க. வெட்டலைன்னா ஒழுங்கு இல்லன்னு எழுதுவாங்க. அப்ப என்னதான் பண்றது?"

நியாயமான கேள்வி. பணக்காரர்கள், படித்தவர்கள், பாதிரிகள் எல்லோருக்கும் இந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று நான் யோசனை சொல்லியிருக்கிறேன். அவளுக்கு என் வழக்கத்தைத்தான் சொன்னேன். "நாற்காலியில உக்காந்து கேட்டா வெட்டுவேன்," என்றேன். "கேட்கலைன்னா வெட்ட மாட்டேன். வந்த தலையைத் திருப்பி அனுப்பின வழக்கம் எனக்கு இல்ல."

அவள் என்னை முறைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு வந்தது. சர்ச் விட்ட கையோடு ரெனார்ட் வந்தான். கடை நிறைய ஆட்கள். அவன் நேராக வந்து உட்கார்ந்தான். துணியைப் போர்த்தினேன்.

"மார்லீசா வந்தாளா?"

"வந்தா."

"வெட்டாதீங்கன்னு சொன்னாளா?"

"சொன்னா."

"எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல மாமா. ஆனா திங்கக்கிழமை முடியோட இருந்தது இல்ல நான். வெட்டுங்க."

வலது பக்கம் முடித்தேன். தோலிலிருந்து கருமை ஏறுகிற அந்த இடம் அன்றைக்குப் பட்டு மாதிரி வந்தது. இடது பக்கம் போக நாற்காலியைத் திருப்பினேன். அவன் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. நெற்றியில் வேர்வை.

"ஒரு நிமிஷம்," என்றான்.

துணியோடு எழுந்தான். ஒரு பக்கம் வழித்த தலை, இன்னொரு பக்கம் ஒரு வாரத்து முடி. காத்திருந்த எல்லோருடைய முழங்கால்களையும் தாண்டி, பின்னால் இருக்கும் கழிவறைக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டான்.

புதுச் சிப்பாய் ஒருவன், உதட்டு மேல் மீசைகூட சரியாக வராதவன், "சார்ஜண்டுக்கு உள்ள என்ன, மீட்டிங்கா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஓகெண்டோ சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவன் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "வேலியைப் பார்க்கப் போயிருக்கார்," என்றான். "உனக்கு என்ன போச்சு?"

தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

ரெனார்ட் வந்தான். முகம் சாம்பல் நிறம். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தான். இடது பக்கம் காதுக்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தேன். மறுபடியும் எழுந்தான். மறுபடியும் அந்த முழங்கால்கள். இப்படிப் பலமுறை. கால் மணி நேர வேலை, வெயில் சன்னலை விட்டுக் கீழே இறங்கும்வரை இழுத்தது. மற்ற இரண்டு நாற்காலிகளிலும் என் ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் நாற்காலி காலியாகக் கிடந்தது. அடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை, காத்திருந்தவர்களும் எழவில்லை. அந்தப் புதுச் சிப்பாய்தான் கடைசியில் எழுந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தான், கழிவறையிலிருந்து ஒன்றும் கேட்காதபடி. பையன் பிழைத்துக்கொள்வான்.

கடைசியாக உட்கார்ந்தபோது ரெனார்ட், "எவ்வளவு பாக்கி?" என்றான்.

"கழுத்து மட்டும்."

"முடிச்சிடுங்க. பாதித் தலையோட நான் வெளிய போக மாட்டேன்."

முடித்தேன். என் வாழ்நாளில் துண்டு துண்டாக வெட்டிய தலை அது ஒன்றுதான். ஆனால் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டியபோது ஒரு ஒட்டுத் தடம்கூடத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். மார்லீசா பார்த்தால் என்னைக் கொல்லுவாள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சான் அன்டோனியோவில் நடந்ததை அவனும் சொன்னான், அவளும் சொன்னாள். இரண்டும் ஒத்துப்போயின.

மூன்று அதிகாரிகள், நடுவில் ஒரு வயதான கர்னல். பழைய டாங்கிப் படைக்காரர். ரெனார்ட் நிமிர்ந்து வணக்கம் வைத்திருக்கிறான். கர்னல் மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான் தெரியுறீங்க சார்ஜண்ட். எப்படி இருக்கீங்க?"

"ரெடி சார்," என்று வாய் பாதி திறந்துவிட்டதாம். பக்கத்தில் வக்கீல் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் மார்லீசா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். வயிறு, ரத்தம், குளியலறைத் தரை, இவை எதையும் அதிகாரி முன்னால் சொல்லி அவனுக்குப் பழக்கம் இல்லை. சொல்லத் தெரிந்ததைச் சொன்னான்.

"சார், இந்த முடி... ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் உக்காந்தேன். முடியும்போது பொழுது சாஞ்சிடுச்சு."

"ஒரு முடிவெட்டா?"

"வலது பக்கம் முடிஞ்சதும் எந்திரிச்சேன் சார். அப்புறம் எத்தனை தடவைன்னு எண்ணல. கடை முழுக்க சிப்பாய்ங்க. என் ஆளுங்களும் இருந்தாங்க. பாதித் தலையோட அவங்க முன்னாலயே போய்ப் போய் வந்தேன்."

மூன்று பேரும் பட்டாளத்துத் தலைகள்தானே. மேஜைக்கு அந்தப் பக்கம் யாரும் எழுதவில்லையாம். ஒருவர் தன்னை அறியாமல் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார். குடல் புண் என்று டாக்டர் எழுதியதை அவர்கள் நூறு தடவை படித்திருப்பார்கள். ஒரு சார்ஜண்ட் பாதித் தலையோடு சிப்பாய்கள் முன்னால் நடந்தான் என்பது அவர்களுக்கு உடனே புரிந்தது.

கர்னல் கேட்டார்: "டாங்கியில இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஒரு நிமிஷம்னு சொல்லியிருப்பேன் சார். என் ஆளுங்க காத்திருப்பாங்க. எப்பவும் காத்திருந்திருக்காங்க. எதிரியும் காத்திருப்பான்னா நான் தகுதியானவன்தான் சார்."

முப்பது போட்டார்கள். மருத்துவக் காரணத்தால் ஓய்வு. மார்லீசாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரி. வெளியே வந்ததும் அவள் வண்டி நிறுத்துமிடத்திலேயே அழுதாளாம். அவன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தானாம். சாவி அவன் கையிலேயே இருந்தது.

அந்தச் செய்தி கடைக்கு வந்தபோது கைகுலுக்குவதா தோளைத் தட்டுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஓகெண்டோ இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போய், காபியைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டான்.

கடைசி நாளும் வந்து போனது. சீருடையைத் திருப்பிக் கொடுத்தான். அதற்கடுத்த ஞாயிறு, சர்ச் விட்டதும் வழக்கம் போல வந்து நின்றான். கட்டம் போட்ட சட்டை. அவன் தோள் அந்தச் சட்டைக்குள் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. தன் முறை வந்ததும் உட்கார்ந்தான். துணியைப் போர்த்தினேன். மிஷினை எடுத்தேன். எடுத்த கை நின்றது.

"எப்படி வெட்ட?"

இத்தனை வருடத்தில் அவனிடம் நான் கேட்டிராத கேள்வி.

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "மத்தவங்க எல்லாம் எப்படி வெட்டிக்குறாங்க மாமா?"

"மத்தவங்கன்னா?"

"சும்மா இருக்கிறவங்க."

பின்னால் யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் அந்தத் தலையைச் சுற்றி வந்தேன். தழும்பு தெரியும், மேடு தெரியும். ஆனால் அந்த முடி வளர விட்டால் சுருளுமா, படியுமா, நரை எந்தப் பக்கம் வரும், ஒன்றும் தெரியாது. வளர நான் விட்டதே இல்லை. அவனுக்கும் தெரியாது. மார்லீசாவுக்கும் தெரியாது, கல்யாணத்தின்போதே அவன் பட்டாளத்தில் இருந்தான்.

"இந்த வாரம் இருக்கட்டும்," என்று எழுந்தான். பணப்பையை எடுத்தான். எதற்கு என்று யோசித்து மறுபடியும் உள்ளே வைத்தான். வீட்டுக்கும் போகவில்லை. காத்திருக்கிற பெஞ்சில் சிப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து கால்பந்து பார்த்தான். அவன் இடத்தில் ஓகெண்டோ உட்கார்ந்தான்.

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்ததும். காது மேல் முடி ஏறியது. சுருளாகத்தான் வந்தது, இடது பக்கம் நரையோடு. நடுவில் ஒருமுறை பின்னால் போய்விட்டு முகம் கழுவி வந்தான். முழங்கால்கள் தானாக ஒதுங்கி வழி விட்டன. ஒவ்வொரு வாரமும் நான் நாற்காலியைத் தட்டி அவன் பக்கம் திருப்புவேன்.

"இப்ப வெட்டட்டுமா ரெனார்ட்?"

அவன் கையை உயர்த்திப் பின்கழுத்தைத் தடவிப் பார்ப்பான். அங்கே என்ன இருக்கிறது என்று தேடுகிற மாதிரி.

"ஒரு நிமிஷம், மாமா," என்பான்.